சாரன் கட்டமும் எழுத்துப் படமும்: பாடும் மீனைத் தறியில் நெய்ய முடியுமா? (‘இழை’ பக்கத்தில் நடந்த உரையாடல்)

நீலக்குறி · பாண்டிருப்பு · சனி இரவு 9.40

போன கிழமை அப்பாவின் சாரனை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். நெசவு ஊரான மருதமுனையின் சாரன் (லுங்கி), மெரூன் கட்டம், இடையிடையே வெள்ளைக் கோடு. பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் இரவு கணினித் திரையில் நான் போட்டு வைத்த படமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

நான் எழுத்துப் படம் போடுகிற ஆள். தெரியாதவர்களுக்கு: தூரிகை இல்லை, மவுஸ் இல்லை. தட்டச்சுப் பலகையில் உள்ள குறிகளை வரி வரியாக அடித்து உருவம் கொண்டுவருவது. புள்ளி அடித்தால் வெளிர், நட்சத்திரம் அடித்தால் கொஞ்சம் கறுப்பு. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் 256 குறிகள் இருந்தன. அவற்றில் நான்கைத்தான் நான் அதிகம் பாவிப்பேன்: ░ ▒ ▓ █. கால், அரை, முக்கால், முழு. இணையம் வீட்டுக்கு வருமுன், தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி பரிமாறிய காலத்தில், 16 நிறமும் வரிக்கு 80 இடமும் இந்த மாதிரிக் குறிகளும் மட்டும் வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஓவியங்களே போட்டிருக்கிறார்கள்.

சாரனிலும் அதே சங்கதிதான். மெரூன் நூல் மெரூனைக் கடக்கிற இடம் முழு மெரூன். வெள்ளையும் வெள்ளையும் கடந்தால் வெள்ளை. மெரூனும் வெள்ளையும் கடக்கிற இடத்தில் இளஞ்சிவப்பு தெரிகிறது, ஆனால் இளஞ்சிவப்பு நூல் என்று ஒன்று அந்தத் துணியிலேயே இல்லை. அதுதான் என்னுடைய ▒.

சரி, கேள்விக்கு வருகிறேன். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பாடுவதாகச் சொல்கிற மீனை 40 இடம் அகலம், 20 வரி உயரத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். இதை அப்படியே கைத்தறியில் நெய்ய முடியுமா? மருதமுனையில் இருந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


நம்பாதவன் · மட்டக்களப்பு · சனி இரவு 10.05

சதுரமாக இருக்கிறதெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுமா? குளியலறை டைலும் சதுரம், தொதல் என்கிற இனிப்பை வெட்டித் தட்டில் வைத்தாலும் சதுரம். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்தால் உடனே ‘நம் முன்னோர் அன்றே கணினி கண்டார்கள்’ என்று யாராவது வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நான் வந்துவிட்டேன்.


நாடாக்காரன் · மருதமுனை · ஞாயிறு காலை 7.20

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அப்படியே முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நெடுக்காகத் தறியில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடா (நூலை ஏற்றி ஓடவிடும் கட்டை) கொண்டு போகிற நூல் ஊடை. கட்டத்தாளில் துணியை எழுதும்போது, பாவு மேலே வருகிற கட்டத்தைக் கறுப்பாக்குவோம், ஊடை மேலே வருகிறதை வெள்ளையாக விடுவோம். அந்த மட்டும் உங்கள் படமும் எங்கள் தாளும் ஒன்றுதான். சாய்வரி நெசவு இப்படி இருக்கும்:

■■□□■■□□
□■■□□■■□
□□■■□□■■
■□□■■□□■

ஆனால் உங்கள் மீனின் வயிற்றில் ஒரே வரியில் எத்தனை கட்டம் தொடர்ந்து கறுப்பு? பதினான்கு இருக்கும் என்று வைப்போம். அப்படியென்றால் குறுக்கு நூல் 14 இழையைத் தாண்டி எங்கும் பிடிபடாமல் துணிக்குப் பின்னால் ஓடுகிறது. மோதிரம் போட்ட விரல் ஒரு தடவை மாட்டினால் போதும், வயிறு கிழிந்துவிடும். திரையில் கறுப்பு என்றால் கறுப்பு, அவ்வளவுதான். தறியில் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிச்சு மாதிரி, பக்கத்துக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படம் அழகாக இருப்பது இரண்டாவது. துணி துணியாக இருக்க வேண்டும், அதுதான் முதல்.

இன்னொன்று. என்னிடம் இருப்பது நாலு விழுதுத் தறி. பாவு நூல்களைக் கூட்டமாகத் தூக்குகிறதுதான் விழுது. நாலை எத்தனை விதமாகத் தூக்கினாலும் மொத்தம் 16. எல்லாம் தூக்குவதும் ஒன்றுமே தூக்காததும் உதவாது, மிச்சம் 14. ஆக, என் துணியில் ஒன்றுக்கொன்று வேறான வரி 14க்கு மேல் வர வழியில்லை. உங்கள் மீனுக்கு 20 வரி, எல்லாம் வேறு வேறு.

நம்பாதவன் அண்ணைக்கு: தொதலை யாரும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை. துணியைப் பார்ப்பார்கள்.


நீலக்குறி · ஞாயிறு காலை 8.02

நாடாக்காரன் காக்கா, பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் நினைக்கவில்லை. என் படத்துக்குப் பின்பக்கமே கிடையாதே.


நாடாக்காரன் · ஞாயிறு காலை 8.30

நீங்கள் சொன்ன கால், அரை, முக்கால் எங்களிடமும் உண்டு. ஜீன்ஸ் வைத்திருப்பீர்களே, எடுத்துக் கால்பக்கத்தை மடித்துப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. இரண்டு துணியை ஒட்டவில்லை. நீலப் பாவு, வெள்ளை ஊடை. தடித்த ஜீன்ஸ் என்றால் பாவு மூன்று ஊடைக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. மேலே பார்த்தால் முக்கால் நீலம், உங்கள் ▓. உள்ளே பார்த்தால் கால் நீலம், உங்கள் ░. சாரன் சாதாரண நெசவு, ஒன்று மேலே ஒன்று கீழே, அதனால் பாதிக்குப் பாதி.

இதில் ஒரு வசதியும் உண்டு. மூன்று நிற நூல் வாங்கினால் கட்டத் துணியில் ஆறு நிறம் கிடைக்கும். மூன்று தனி, மூன்று கலப்பு. நாலு வாங்கினால் பத்து. சாயம் விற்கிற விலையில் இது சின்ன விஷயம் இல்லை.


உப்புக்காற்று · காத்தான்குடி · ஞாயிறு பகல் 11.15

காக்கா சொன்ன 14 என்கிற தடையை உடைக்கத்தான் பிரான்சில் லியோன் பக்கம் ஏறக்குறைய எண்பது வருடம் பாடுபட்டார்கள். 1725இல் துளையிட்ட காகிதச் சுருள், அப்புறம் அட்டைகள், 1804இல் ஜக்கார்ட் அதை ஒழுங்கான இயந்திரமாக்கினார். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு நூல் மேலே எழும். ஓட்டை இல்லாவிட்டால் அசையாது. ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பாவு நூலை விழுது வழியாகக் கூட்டமாகத் தூக்க வேண்டிய தேவை போய்விட்டது.

1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள். கணிப்பொறிக்குத் திட்டம் போட்ட சார்ல்ஸ் பாபேஜ் அதில் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவாராம். அவரோடு சேர்ந்து சிந்தித்த அடா லவ்லேஸ் 1843இல், ஜக்கார்ட் தறி பூவும் இலையும் நெய்கிற மாதிரி இந்த இயந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று எழுதினார். துளை அட்டை 1890இல் அமெரிக்கக் குடிசன மதிப்புக்குப் போனது. 1928இல் ஐபிஎம் அட்டைக்கு 80 நிரல் என்று வந்தது. நீலக்குறி தங்கச்சி ‘வரிக்கு 80 இடம்’ என்றாரே, அந்த 80 அட்டையில் இருந்து திரைக்கு இறங்கி வந்த எண்.

ஆக நம்பாதவனுக்கு என் பதில், இது வெறும் முகச்சாயல் இல்லை. தாய்வழி உறவே உண்டு.


நம்பாதவன் · ஞாயிறு பகல் 12.40

துளை அட்டை உறவை ஏற்கிறேன், அது வரலாறு. ஆனால் அது லியோனுக்கும் ஐபிஎம்முக்கும் உள்ள உறவு. பாண்டிருப்புத் திரைக்கும் மருதமுனைத் தறிக்கும் என்ன? நாடாக்காரர்தான் சொல்லிவிட்டாரே, தன்னிடம் இருப்பது நாலு விழுதுத் தறி என்று. டெக்ஸ்ட், டெக்ஸ்டைல் இரண்டும் நெய்தல் என்கிற ஒரே லத்தீன் வேரில் இருந்து வந்தவை என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். சரிதான், ஆனால் அதுவும் லத்தீன்காரன் சங்கதி.


வாவிக்கரை வாத்தியார் · மட்டக்களப்பு · ஞாயிறு மாலை 5.10

லத்தீனுக்குப் போக வேண்டாம் தம்பி. நூல் என்றால் நமக்கும் இரண்டும்தானே. நன்னூலில் ஒரு வெண்பா உண்டு: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், வாய்தான் அவள் கை, மதிதான் கதிர். இப்படி நூற்றால் நூல் வரும் என்கிறது. உவமை என்றுதான் நீங்கள் தள்ளுவீர்கள். அதனால் உவமையை விட்டுவிடுகிறேன்.

எழுத்தைக் கட்டத்தில் வைத்து உருவம் செய்கிற வேலை தமிழில் பழையது. சித்திரக்கவி என்போம். தேர் வடிவில் ரதபந்தம், பாம்பு பிணைந்த வடிவில் நாகபந்தம் என்று பல. நான் பள்ளியில் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகக் காட்டுவேன், பாடத்திட்டத்தில் இல்லை. எனக்குப் பிடித்தது சுழிகுளம். வரிக்கு எட்டு எழுத்து, நாலு வரி. தண்டியலங்காரத்தில் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது:

க | வி | மு | தி | யா | ர் | பா | வே
வி | லை | ய | ரு | மா | ந | ற் | பா
மு | ய | ல் | வ | து | று | ந | ர்
தி | ரு | வ | ழி | ந் | து | மா | யா

முதிர்ந்த கவிஞரின் பா விலை மதிக்க முடியாதது, அதற்கு முயல்கிறவர் செல்வம் அழியாது என்று பொருள். இப்போது முதல் நிரலை மேலிருந்து கீழே படியுங்கள்: க, வி, மு, தி. கடைசி நிரலைக் கீழிருந்து மேலே: யா, ர், பா, வே. சேர்த்தால் முதல் வரி. அடுத்து இரண்டாம் நிரலில் இறங்கி ஏழாம் நிரலில் ஏறுங்கள், இரண்டாம் வரி வரும். உள்ளே போகப் போக நாலு வரியும் கிடைக்கும். குறுக்கே ஓடினாலும் நெடுக்கே சுழன்றாலும் அதே செய்யுள்.

க, லை, ல், ழி போல இரண்டு வாசிப்பிலும் ஒரே இடத்தில் வருகிற எட்டைத் தவிர, வேறு ஒரு எழுத்தை மாற்றிப் பாருங்கள். குறுக்கு வரியில் சரியாக வந்தாலும் நெடுக்கில் குலையும். நாடாக்காரர் சொன்ன ‘ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைப் பிடிக்க வேண்டும்’ என்பது இங்கே உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.


உப்புக்காற்று · ஞாயிறு இரவு 8.25

சேர், கணினியில் இதைத் தட்டிப் பார்த்தேன், ஒரு வேடிக்கை. நம் கணக்கில் வரிக்கு எட்டு, எட்டு, எட்டு, எட்டு. கணினி எண்ணினால் 15, 14, 13, 15.

காரணம், யூனிகோட்டில் ‘க’ ஒரு குறி, ‘வி’ இரண்டு குறி (வகரமும் இகரக் குறியும்), ‘ர்’ என்றால் ரகரமும் புள்ளியும். ‘கொ’ போட்டால் இன்னும் மோசம்: சேமிப்பில் இரண்டு, கண்ணுக்கு மூன்று துண்டு, நமக்கு ஒரு எழுத்து. எழுத்துப் படம் நிற்பதே ‘ஒரு குறிக்கு ஒரு இடம், எல்லா இடமும் ஒரே அகலம்’ என்கிற ஒப்பந்தத்தில். ஆங்கில எழுத்தைத் தட்டச்சுப்பொறி அந்த அகலத்துக்குள் அடக்கிவிட்டது. 1898இலேயே ஃப்ளோரா ஸ்டேசி என்கிற பெண் தட்டச்சுப்பொறியில் வண்ணத்துப்பூச்சி போட்டிருக்கிறார். தமிழில் ‘ர’வும் ‘ஞௌ’வும் ஒரே அகலத்தில் நில் என்றால் எப்படி நிற்கும்? ஏதோ வெறி பிடித்து நான் ஒரு தடவை தமிழ் எழுத்தால் யானை போட்டேன். போனில் திறந்தால் தும்பிக்கை வாலுக்குப் போயிருந்தது.

சித்திரக்கவி எழுதியவர்கள் அகலத்தை எண்ணவில்லை, எழுத்தை எண்ணினார்கள். அதனால் ஓலையில் எழுதினாலும் சுவரில் எழுதினாலும் குலையாது.


படுவான்கரையாள் · ஞாயிறு இரவு 9.50

நான் இங்கே புதிது. தறி தெரியாது, கவிதையும் தெரியாது. அம்மம்மா பன் என்கிற புல்லால் பாய் இழைத்தவர், அதைச் சொல்லலாமா?

‘பாய் இழைக்கிறது’ என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். இந்தப் பக்கத்துக்கும் இழை என்று பேர் வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் உள்ளே வந்தேன்.

பன்னை வெட்டிக் காயவைத்து, கொஞ்சத்தை மட்டும் சாயத்தில் அவித்து எடுப்பார். சிவப்பு, பச்சை, ஊதா. அதற்குப் பிறகு கட்டத்தாளும் இல்லை, அட்டையும் இல்லை. தரையில் குந்தியிருந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டே கை ஓடும். இரண்டு எடு, ஒன்று விடு, இரண்டு எடு. நான் பக்கத்தில் இருந்து கதை கேட்டால் பதில் சொல்ல மாட்டார், வரி முடிந்த பிறகுதான் சொல்வார். நடுவில் ஒன்று தப்பினால் அந்தத் தப்பு அடுத்த வரியில் ஒரு இடம் தள்ளி நிற்கும், அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று தள்ளி. பாயின் குறுக்கே ஒரு கீறல் மாதிரி ஓடும். நாலைந்து வரி போன பிறகு கண்டுபிடித்தார் என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஏச்சு.

அப்படித் தப்பிய பாய் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவிழ்க்காமல் அப்படியே முடித்துவிட்டார், ஏன் என்று தெரியாது. நாங்கள் படுத்தது அதில்தான்.


நீலக்குறி · ஞாயிறு இரவு 10.15

படுவான்கரையாள் அக்கா, அந்தக் கீறல் என் திரையில் நாளுக்கு மூன்று தடவை வரும். ஒரு வரியில் ஒரு இடைவெளி கூடிவிட்டால் அந்த வரி முழுக்க ஒரு இடம் தள்ளிப் போகும். வட்டமாக இருந்த முகத்தில் தாடை மட்டும் விலகி நிற்கும். நான் ஒரு பொத்தானை அழுத்தித் திருத்திவிடுவேன். அம்மம்மா நாலு வரி அவிழ்க்க வேண்டும்.


நாடாக்காரன் · மருதமுனை · திங்கள் காலை 6.45

பாய் அக்காவின் எழுத்தைப் பார்த்துவிட்டு வாப்பாவின் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

சாரன் டிசைனை நாங்கள் படமாக வைத்திருப்பதில்லை. கொப்பியில் எண்ணாக இருக்கும். மெரூன் 48, வெள்ளை 2, மெரூன் 6, வெள்ளை 2, நீலம் 12 என்று இப்படியே ஒரு பக்கம். அதுதான் பாவுக் கணக்கு. ஊடைக்கும் அதே கணக்கைப் படித்தால் கட்டம் வந்துவிடும். வாப்பாவிடம் முப்பது வருடக் கொப்பிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது தறியோடு பெட்டியும் போனது.

புதுத் தறி போட்ட பிறகு, பழைய டிசைன்களைத் திரும்ப எழுத வேண்டும் என்று கொப்பியும் பேனையும் கொடுத்து இருத்தினேன். வாப்பாவுக்கு ஒரு வரியும் வரவில்லை. நினைவில்லை மகன் என்றார். இரண்டு நாள் கழித்துத் தறியில் ஏறி உட்கார்ந்தார், பாவில் எதையோ பார்த்தார், ‘எழுது’ என்றார். கை காற்றில் நூலை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பது டிசைன் அப்படிக் கிடைத்தது. மிச்சத்துக்கு ஊருக்குள் பழைய சாரன் வைத்திருந்தவர்களிடம் போய்த் துணியையே எண்ணி எழுதினேன்.


உப்புக்காற்று · திங்கள் காலை 9.05

காக்கா, ‘மெரூன் 48, வெள்ளை 2’ என்று எழுதுவது கணினியில் படத்தைச் சுருக்குகிற முறைகளில் ஒன்று. ஒரே நிறம் தொடர்ந்தால் நிறத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதுவது. பெக்ஸ் என்கிற தொலைநகல் இயந்திரம் பக்கத்தை அனுப்புவதும் இந்தத் தொடர் எண்ணிக்கையை வைத்துத்தான்: இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு. வாப்பா முப்பது வருடம் படத்தைச் சுருக்கி வைத்திருந்திருக்கிறார். நீங்கள் பழைய சாரனை எண்ணியது, அச்சான படத்தில் இருந்து கோப்பை மீட்ட மாதிரி.


நம்பாதவன் · திங்கள் பகல் 1.30

சரி, ஒரு படி இறங்குகிறேன். ஒரே படி.

நீலக்குறி முதலில் சொன்னது ‘இரண்டும் ஒரே மாதிரித் தெரிகிறது’ என்று. அது இன்னமும் எனக்குப் பலவீனமான வாதம்தான். தோற்றம் யாருக்கும் வரும். ஆனால் பாவுக் கணக்கு, வாத்தியார் சேரின் எட்டுக்கு நாலு, அம்மம்மாவின் வாய்க்குள் எண்ணுதல், இந்த மூன்றிலும் படத்தை யாரும் படமாகப் பார்க்கவில்லை. எண்ணிக்கையாகப் பார்க்கிறார்கள், படம் பிறகு தானாக வருகிறது. டைல் பதிக்கிறவருக்கு இது தேவை இல்லை. அதனால் டைலையும் தொதலையும் வாபஸ் வாங்குகிறேன்.

தங்கச்சியின் மீன் என்ன ஆயிற்று?


நீலக்குறி · திங்கள் இரவு 8.50

மீன் ஐசியுவில் இருக்கிறது. காக்கா, இன்னொரு சந்தேகம். என் 40க்கு 20 மீன் திரையில் ஏறக்குறைய சதுரமாக நிற்கிறது, ஏனென்றால் எழுத்தின் இடம் அகலத்தைவிட இரண்டு மடங்கு உயரம். துணியில் எப்படி வரும்?


நாடாக்காரன் · திங்கள் இரவு 9.30

இப்போது தறியில் திரைச்சீலைத் துணி போட்டிருக்கிறேன். அங்குலத்துக்குப் பாவு 40, ஊடை 32. ஒரு இடத்துக்கு ஒரு இழை என்றால் உங்கள் மீனின் நீளம் ஒரு அங்குலம். உயரம் 20ஐ 32ஆல் பிரியுங்கள், அரை அங்குலத்தை விடக் கொஞ்சம் கூட. திரையில் உருண்டையாக இருந்த மீன் துணியில் நெத்தலி ஆகிவிடும்.

பெரிதாக்கலாம் என்று நினைப்பீர்கள், ஒரு இடத்துக்கு நாலு இழை போட்டால் நாலு அங்குல மீன். ஆனால் மூன்று கட்டக் கறுப்பு அப்போது 12 இழை ஆகிவிடும், மறுபடி தொங்கும். திரையில் பெரிதாக்கினால் படம் பெரிதாகும். தறியில் பெரிதாக்கினால் படம் அவிழும். அளவு மாறினால் முதலில் இருந்து வரைய வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. அடித்துணி சாதாரண நெசவாகவே ஓடட்டும். மீனுக்கு மட்டும் தனியாக ஒரு நிற நூலைக் கையால் குறுக்கே செருகிக்கொண்டு போகலாம். விழுதுக் கணக்கு தேவைப்படாது, 14 என்கிற தடையும் இல்லை. நேரம் எடுக்கும். ஒரு நிபந்தனை: ஒரு வரியில் தொடர்ந்து மூன்று கட்டத்துக்கு மேல் கறுப்பு வரக்கூடாது. வரைந்து கொண்டு வாருங்கள்.


நீலக்குறி · செவ்வாய் இரவு 11.20

□□□■■■□□□□■
□■■□■■■□□■■
■□■■■□■■■□■
□■■□■■■□□■■
□□□■■■□□□□■

11 இடம், 5 வரி. மூன்றாவது வரியில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கிற கட்டம், அந்த வெள்ளைதான் கண். இதை வரைய 40க்கு 20ஐ விட அதிக நேரம் எடுத்தது.


வாவிக்கரை வாத்தியார் · புதன் காலை 6.10

மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறதே. முதல் வரியும் ஐந்தாம் வரியும் ஒன்று, இரண்டும் நாலும் ஒன்று. தெரிந்து செய்தீர்களா?


நீலக்குறி · புதன் காலை 7.00

இல்லை சேர், தூக்கத்தில் மேல் பாதியை வரைந்து கீழே ஒட்டினேன்.


நாடாக்காரன் · புதன் காலை 7.15

எண்ணிப் பார்த்தேன், எங்கும் மூன்றைத் தாண்டவில்லை. நீளம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. சட்டைப் பொத்தான் அளவுகூட வராது, அதனால் ஒரு மீன் போதாது. ஒரு லேஞ்சியின் (கைக்குட்டையின்) கரையில் வரிசையாக விட்டுப் பார்க்கிறேன். நடுவில் எத்தனை இழை இடைவெளி வேண்டும் என்று சொல்லுங்கள். வெள்ளி தறி ஓடாது, சனி பின்னேரம் வந்தால் காட்டலாம்.


நம்பாதவன் · புதன் காலை 7.40

எனக்கும் ஒரு லேஞ்சி. ஆனால் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் காசு தருவேன்.